சேர்த்த நாக்கே பிரித்தது!

கொழும்புத் தொழிலாளர் தலைவர் குணசிங்காவின் வாழ்க்கை

அம்பத்தூர், ஆவடி பக்கம் போகிறவர்கள் ரெப்கோ என்ற பெயர்ப் பலகையைப் பார்த்திருப்பார்கள். அது ஒரு வங்கி. நகையை வைத்தால் கடன் கொடுக்கும். வீடு கட்டவும் கடன் கொடுக்கும். ஆனால் ரெப்கோ என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். பத்தில் ஒன்பது பேர் விழிப்பார்கள்.

தாயகம் திரும்பியவர்கள் என்பதற்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் உண்டு. அதன் தலைப்பகுதிதான் ரெப். கூட்டுறவு என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொல்லின் தலைப்பகுதி கோ. பர்மாவில் இருந்தும் இலங்கையில் இருந்தும் திரும்பி வந்த தமிழர்களின் வாழ்வுக்காக 1969-ம் ஆண்டில் மத்திய அரசு அமைத்த வங்கி அது.

அவர்கள் ஏன் திரும்பி வந்தார்கள்?

இலங்கையில் பாட்டன் காலத்தில் இருந்து தேயிலை பறித்தவர்கள் அவர்கள். அங்கேயே பிறந்து அங்கேயே வளர்ந்தவர்கள். மூட்டையைக் கட்டிக்கொண்டு கப்பல் ஏறச் சொன்னபோது, தாயகம் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடப் பலருக்குத் தெரியாது.

இதற்குப் பல காரணங்கள் உண்டு. பல தலைவர்கள் உண்டு. அவர்களில் ஒருவருடைய கதை மிகவும் வினோதமானது. தமிழனும் சிங்களவனும் மலையாளியும் ஒன்று என்று கொழும்புத் தொழிலாளர்களை ஒரே கொடியின் கீழ் நிறுத்தியவர் அவர். சில ஆண்டுகள் கழித்து, பிழைக்க வந்தவனை வெளியே அனுப்பு என்று அதே தொழிலாளர்களிடம் பேசியவரும் அவரே. முதலில் சொன்னதையும் கூட்டம் நம்பியது. பிறகு சொன்னதையும் கூட்டம் நம்பியது!

அவர் பெயர் ஏ.ஈ. குணசிங்கா.

ரெயில்வே குமாஸ்தா

குணசிங்கா 1891-ம் ஆண்டு மே மாதம் 1-ந் தேதி கண்டியில் பிறந்தார். தொழிலாளர் தலைவருக்கு மே தினத்திலேயே பிறந்த நாள் அமைந்துவிட்டது!

படிப்பை முடித்ததும் ரெயில்வேயில் குமாஸ்தா வேலை கிடைத்தது. வெள்ளைக்காரன் ஆட்சியில் அது நல்ல வேலை. மாதம் பிறந்தால் சம்பளம். ஆனால் குணசிங்காவுக்கு அதில் மனம் ஒட்டவில்லை. வேலையை விட்டார். பத்திரிகை எழுதினார். 1915-ல் நண்பர்களோடு சேர்ந்து இளம் இலங்கையர் சங்கம் என்ற அமைப்பைத் தொடங்கினார்.

அதே 1915-ல் இலங்கையில் பெரிய கலவரம் மூண்டது. சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்கும் சண்டை. அடிபட்டவர்களில் பலர் தமிழ்நாட்டுக் கடற்கரை ஊர்களில் இருந்து போய்க் கடை வைத்திருந்த முஸ்லிம் வியாபாரிகள். வந்தவன் கொள்ளையடிக்கிறான் என்ற பேச்சும் எழுத்தும் கலவரத்துக்கு முன்பே சில ஆண்டுகளாக நடந்து வந்தன. அரசாங்கம் ராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தது. சிங்களத் தலைவர்கள் பலரைப் பிடித்து உள்ளே போட்டது. அவர்களில் குணசிங்காவும் ஒருவர்.

சிறையில் இருந்து வெளியே வந்தவர் பெரிய மனிதர்களின் பின்னால் போகவில்லை. ஏழைகளின் பக்கம் திரும்பினார்.

தலைவரி

அந்தக் காலத்தில் இலங்கையில் தலைவரி என்று ஒரு வரி இருந்தது. லட்சாதிபதிக்கும் கூலிக்காரனுக்கும் ஒரே வரி! கட்ட முடியாதவன் ரோட்டில் வேலை செய்து கழிக்க வேண்டும். பணக்காரனுக்கு அது வெற்றிலைச் செலவு. ஏழைக்கு அடுப்பு எரியாத கதை.

குணசிங்காவும் அவருடைய நண்பர்களும் இதை எதிர்த்துக் கிளம்பினார்கள். காந்தியடிகளின் வழியைப் பின்பற்றி, வரி கட்ட மறுத்தார்கள். விக்டர் கொரெயா என்ற வக்கீல் இதற்காக 1922-ல் சிறைக்குப் போனார். கௌரவமான குடும்பத்துப் பிள்ளைகள் ரோட்டுக் கூலியோடு கூலியாக நிற்கத் துணிந்ததைக் கண்டு ஊர் திகைத்தது. பிறகு அந்த வரியே ஒழிந்தது.

குணசிங்காவின் பேச்சுக்கு அப்போதே மவுசு வந்துவிட்டது. படித்தவர்கள் மண்டபத்துக்குள் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்த நாள் அது. அவரோ கூலிக்காரனுக்குப் புரியும் மொழியில் பேசினார்.

ஒரே சங்கம்

1922-ல் குணசிங்கா இலங்கைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே ரெயில்வே தொழிற்சாலையில் வேலை நிறுத்தம் வெடித்தது. துறைமுகத்துக்குப் பரவியது. நகரமே ஸ்தம்பித்தது. வேலை நிறுத்தம் கடைசியில் தோற்றுப்போனது. ஆனாலும் கொழும்புத் தொழிலாளி, தனக்கு ஒரு தலைவர் இருக்கிறார் என்று தெரிந்துகொண்டான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்நாளில் கொழும்புத் தொழிலாளி என்றால் சிங்களவர் மட்டும் அல்ல. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களில் தமிழ்நாட்டுக்காரர்கள் ஏராளம். ஆலைகளிலும் கடைகளிலும் வீட்டு வேலையிலும் மலையாளிகள். எல்லோரும் குணசிங்காவின் சங்கத்தில் இருந்தார்கள். முதலாளிக்கு எதிரே நிற்கும்போது சாதி இல்லை, மதம் இல்லை, மொழி இல்லை என்பதுதான் அவருடைய பேச்சின் சாரம்.

தஞ்சாவூர்க்காரர்

அந்தச் சங்கத்தில் அவருக்கு வலது கரமாக அமைந்தவர் ஒரு தமிழர். தஞ்சாவூர்க்காரர். கோதண்டராம நடேசய்யர்.

நடேசய்யர் இலங்கைத் தோட்டங்களின் நிலைமையைக் கண்ணால் பார்க்க விரும்பினார். தோட்டத்துக்குள் அந்நியர் நுழைய முடியாது. துரைமார் அனுமதிக்க மாட்டார்கள். அதனால் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு, ஜவுளி விற்பவர்போல் உள்ளே போய் லயங்களைச் சுற்றிப் பார்த்து வந்தார் என்று சொல்வார்கள். பிறகு கொழும்பிலேயே தங்கினார். தேச நேசன் பத்திரிகையின் ஆசிரியரானார். 1925-ல் சட்டசபை உறுப்பினரும் ஆனார்.

குணசிங்கா சிங்களத்தில் பேசுவார். நடேசய்யர் தமிழில் பேசுவார். எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளிக்கு மேடைப்பேச்சுதான் பத்திரிகை, அதுதான் பள்ளிக்கூடம். இரண்டு மொழிக்காரர்களுக்கும் ஒரே பாடம் நடந்தது.

1927-ல் துறைமுகத் தொழிலாளர் மறுபடியும் வேலை நிறுத்தம் செய்தனர். இந்தத் தடவை கூலி உயர்ந்தது. அந்த ஆண்டு நவம்பரில் காந்தியடிகள் இலங்கைக்கு வந்தார். கொழும்புத் தொழிலாளர்களிடமும் பேசினார். குணசிங்காவின் புகழ் உச்சியில் இருந்தது.

எல்லோருக்கும் ஓட்டு

அதே சமயத்தில் லண்டனில் இருந்து டொனமூர் பிரபு தலைமையில் ஒரு குழு வந்தது. இலங்கைக்கு எப்படிப்பட்ட ஆட்சி கொடுக்கலாம் என்று விசாரித்தது.

சொத்து உள்ளவனுக்கும் படித்தவனுக்கும் மட்டும் ஓட்டு இருந்தால் போதும் என்று பெரிய தலைவர்கள் பலர் நினைத்தார்கள். குணசிங்கா மட்டும் எல்லோருக்கும் ஓட்டு வேண்டும் என்று வற்புறுத்தினார். குழு அதை ஏற்றது. 1931 தேர்தலில் 21 வயது நிரம்பிய ஆண், பெண் எல்லோரும் ஓட்டுப் போட்டார்கள். இந்தியாவில் அந்த உரிமை வர இன்னும் 20 ஆண்டு பிடித்தது! இதில் குணசிங்காவுக்கு உள்ள பெருமையை யாரும் குறைக்க முடியாது.

ஆனால் அந்த ஓட்டில் ஒரு சிக்கல் இருந்தது. இந்தியாவில் இருந்து வந்த தொழிலாளிக்கு ஓட்டு உண்டா? உண்டு என்றால் தோட்டப் பகுதிகளில் அவன் கை ஓங்கிவிடும் என்று சட்டசபையில் பலர் கூச்சலிட்டார்கள். கடைசியில் கவர்னர் நிபந்தனைகளைப் போட்டார். இலங்கையிலேயே நிலையாகத் தங்குபவன் என்று காட்ட வேண்டும். அல்லது படிப்பும் சொத்தும் வேண்டும். பிழைக்க வந்தவர்களில் பெரும்பாலோர் வெளியே நின்றார்கள்.

சிங்களத் தொழிலாளிக்கு ஓட்டு உண்டு. பக்கத்தில் மூட்டை தூக்கும் இந்தியத் தொழிலாளியிடம் பெரும்பாலும் ஓட்டு இல்லை. குணசிங்கா ஓட்டு கேட்டு நிற்க வேண்டியவர். பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நெருப்பு

1928-ல் குணசிங்கா லண்டனில் நடந்த தொழிற்கட்சி மாநாட்டுக்குப் போய் வந்தார். திரும்பியதும் இலங்கையிலும் தொழிற்கட்சி அமைத்தார்.

1929-ல் கொழும்பு டிராம் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தார்கள். இது ரத்தத்தில் முடிந்தது. மருதானை போலீஸ் நிலையத்துக்குக் கூட்டம் தீ வைத்தது. போலீசார் சுட்டார்கள். உயிர்கள் போயின.

அதற்குப் பிறகு முதலாளிகளும் சங்கம் அமைத்துக்கொண்டார்கள். குணசிங்காவோடு உட்கார்ந்து பேசி ஒப்பந்தமும் செய்துகொண்டார்கள். தொழிலாளர் சங்கத்தை முதலாளிகள் ஒப்புக்கொண்டது பெரிய வெற்றிதான். ஆனால் அந்த ஒப்பந்தத்துக்குப் பிறகு குணசிங்கா முதலாளியிடம் பழைய வேகத்தோடு மோதவில்லை.

அந்த வேகம் எங்கே போயிற்று? வேறு பக்கம் திரும்பியது.

பஞ்ச காலம்

1929-ன் கடைசியில் அமெரிக்காவில் பங்குச் சந்தை சரிந்தது. அந்த அடி உலகம் முழுவதும் விழுந்தது. ரப்பர் விலை வீழ்ந்தது. தேயிலை விலை வீழ்ந்தது. தோட்டங்கள் ஆட்களைக் குறைத்தன. ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். கொழும்பிலும் வேலை இல்லை. குணசிங்காவைச் சுற்றி நின்ற சிங்களத் தொழிலாளிகள் பசியோடு இருந்தார்கள். தலைவர் என்ன சொல்லப்போகிறார் என்று அவர் வாயைப் பார்த்தார்கள்.

அவர் சொன்ன பதில்: மலையாளி!

மலையாளிகள் குறைந்த கூலிக்கு வருகிறார்கள், உங்கள் வேலையைப் பிடுங்குகிறார்கள், சம்பாதித்த பணத்தை ஊருக்கு அனுப்புகிறார்கள் என்ற ரீதியில் பேச்சு போயிற்று. அவருடைய வீரயா என்ற சிங்களப் பத்திரிகையும் அதையே எழுதியது. மலையாளிக்கு வேலை கொடுக்காதே, அவனோடு பழகாதே என்ற பிரசாரம் நடந்தது. மலையாளிகளைக் கொச்சி என்று இளப்பமாகக் கூப்பிடும் வழக்கம் இருந்தது. இப்போது அதில் விஷம் ஏறியது. இந்திய வட்டிக்கடைக்காரரும் இந்திய வியாபாரியும்கூட அந்தப் பட்டியலில் சேர்ந்தார்கள்.

நியாயமாகப் பார்த்தால், அந்தப் பேச்சு முழுப் பொய்யும் அல்ல. மலையாளிகள் குறைந்த கூலிக்கு வந்தது உண்மை. பணத்தை ஊருக்கு அனுப்பியதும் உண்மை. தாயும் பிள்ளையும் ஊரில் பட்டினி கிடக்கும்போது அனுப்பாமல் என்ன செய்வான்? ஆனால் குறைந்த கூலி கொடுத்தது யார்? ஒருவனைக் காட்டி இன்னொருவனின் கூலியைக் குறைத்தது யார்? 1923-ல் இந்தக் கேள்வியைக் கேட்டவர் குணசிங்காதான். 1930-களில் அவர் அதைக் கேட்கவில்லை. கேள்வி மாறியதும் கூட்டத்தின் கண்ணும் மாறியது. முதலாளி இருந்த இடத்தில் மலையாளி வந்து நின்றான்.

இந்தப் பேச்சு நமக்குப் புதிது அல்ல. அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் பூந்தமல்லி நெடுஞ்சாலைக் கட்டட வேலைகளிலும் இன்று பீகார், ஒடிசா, மேற்கு வங்காளம், அசாம் என்று பல மாநில இளைஞர்கள் உழைக்கிறார்கள். டீக்கடையில் அவர்களைப் பற்றி நடக்கும் பேச்சைக் காது கொடுத்துக் கேளுங்கள். குறைந்த கூலி, ஊருக்குப் பணம் என்று அதே சொற்கள்தான்! 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய்யான வீடியோக்கள் பரவின. அவற்றைக் காட்டிப் பீகார் சட்டசபையிலேயே கூச்சல் எழுந்தது. தமிழ்நாட்டுப் போலீசார் மறுத்தார்கள். பீகாரில் இருந்து அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். நடந்தது ஒன்றுமில்லை. அதற்குள் எத்தனையோ பேர் பயந்துபோய் ரெயில் ஏறியிருந்தார்கள்.

கொழும்புக்குத் திரும்புவோம்.

எதிர்ப்பக்கம்

1933-ல் வெள்ளவத்தை நெசவு ஆலையில் வேலை நிறுத்தம் நடந்தது. அங்கே பெரும்பாலான தொழிலாளர்கள் இந்தியர்கள். பத்து ஆண்டுக்கு முன்பாக இருந்தால் குணசிங்காதான் முன்னால் நின்றிருப்பார். இப்போது அவர் வேலை நிறுத்தத்தை எதிர்த்தார்! தொழிலாளர் பக்கம் நின்றவர் கொல்வின் ஆர். டி சில்வா என்ற இளம் வக்கீல். இவரும் சிங்களவர்தான். பிற்காலத்தில் இடதுசாரித் தலைவராகப் பெயர் பெற்றவர்.

நடேசய்யர் அதற்கு முன்பே பிரிந்துவிட்டார். குணசிங்காவின் பேச்சு இந்தியர்களுக்கு எதிராகத் திரும்பத் தொடங்கியதும், 1920-களின் கடைசியில் இருவர் நட்பும் முறிந்தது. ஒரே மேடையில் தோளோடு தோள் நின்றவர்கள் எதிரிகள் ஆனார்கள்.

நடேசய்யர் மலைநாட்டுக்குப் போனார். 1931-ல் ஹட்டனைத் தலைமை இடமாக வைத்துத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தை அமைத்தார். அவருடைய மனைவி மீனாட்சி அம்மையாரும் கூடப் போனார். அவர் பாட்டு எழுதுவார், பாடுவார். பெண்கள் மேடை ஏறாத காலத்தில், லயத்து மக்கள் நடுவே நின்று, இந்தியர்களுக்கு வரப்போகும் ஆபத்தைப் பாட்டாகப் பாடினார் அந்த அம்மாள். கொழும்பு மேடைப் பேச்சுக்கு மலைநாட்டுப் பாட்டு பதில் சொன்னது. ஆனால் ஒன்று சிங்களத்தில். மற்றது தமிழில். இரண்டு மொழிக்காரர்களுக்கும் ஒரே பாடம் சொன்ன மேடை முடிந்துபோயிற்று. என்னைக் கேட்டால், இந்த வரலாற்றில் பெரிய நஷ்டம் அதுதான்.

கை மாறிய ஆயுதம்

குணசிங்காவுக்கு இந்தப் பேச்சால் லாபம் கிடைத்ததா? கொஞ்ச நாள் கிடைத்தது. தேர்தலில் வென்றார். கொழும்பு நகரத்தின் மேயர் ஆனார். ஆனால் 1935-ல் இடதுசாரிகள் தனிக் கட்சி தொடங்கினார்கள். தொழிலாளர்கள் மெல்ல மெல்ல அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். குணசிங்காவின் சங்கம் தேய்ந்தது.

அவர் செல்வாக்கு தேய்ந்தது. அவர் பரப்பிய பேச்சு தேயவில்லை. வேறு தலைவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். பேச்சு சர்க்கார் உத்தரவாக மாறியது. 1939-ல் அரசாங்க இலாகாக்களில் தினக்கூலிக்கு இருந்த இந்தியர்களை நீக்க இலங்கை மந்திரிகள் முடிவு செய்தார்கள். ஜவஹர்லால் நேரு விமானத்தில் கொழும்புக்குப் பறந்து வந்தார். பேசிப் பார்த்தார். பலிக்கவில்லை. அந்த ஆகஸ்டு 1-ந் தேதி முதல், கூலி வேலைக்கு இலங்கை போவதையே இந்திய அரசாங்கம் தடுத்துவிட்டது. நேரு வந்த சமயத்தில்தான் இலங்கை இந்தியர் காங்கிரஸ் பிறந்தது.

1947 நவம்பரில் நடேசய்யர் காலமானார். நல்லவேளை, அடுத்த ஆண்டு நடந்ததை அவர் பார்க்கவில்லை.

1948-ல் இலங்கை சுதந்திரம் அடைந்தது. அந்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. நீ இங்கே பிறந்தது போதாது, உன் தகப்பன் இங்கே பிறந்தானா என்று சட்டம் கேட்டது. தோட்டத்து லயத்தில் பிறந்தவனிடம் பிறப்புச் சீட்டுக்கு எங்கே போவது? 1946 கணக்கெடுப்பின்படி இந்தியத் தமிழர்கள் சுமார் 7 லட்சத்து 80 ஆயிரம் பேர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர்கள் ஆனார்கள். பிறகு ஓட்டும் போயிற்று.

சட்டத்தைக் கொண்டுவந்தவர் பிரதமர் டி.எஸ். சேனநாயகா. அந்த ஆளும் தரப்பில் குணசிங்காவும் இருந்தார். மந்திரி பதவியும் வகித்தார். எல்லோருக்கும் ஓட்டு வேண்டும் என்று டொனமூர் குழுவிடம் வாதாடிய அதே குணசிங்கா!

கடைசி நாட்கள்

1952 தேர்தலில் அவர் தோற்றார். பிறகு சிறிது காலம் வெளிநாட்டில் தூதராக இருந்தார். அரசியலில் அவர் குரல் ஓய்ந்தது.

1964 அக்டோபர் 30-ந் தேதி இந்தியப் பிரதமர் லால்பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயகாவும் ஒப்பந்தம் செய்தார்கள். நாடற்றவர்கள் 9 லட்சத்து 75 ஆயிரம் பேர் என்று கணக்கு. அதில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும். 3 லட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும். மிச்சம் ஒன்றரை லட்சம் பேரை 1974-ல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். யாருக்கு எங்கே போக விருப்பம் என்று கேட்டுப் போட்ட கணக்கு அல்ல அது. இலங்கையில் மிஞ்சி நின்ற நாடற்றவர்களுக்குக் கடைசியாகக் குடியுரிமை கொடுத்தது 2003-ம் ஆண்டுச் சட்டம்.

குணசிங்கா 1967 ஆகஸ்டு 1-ந் தேதி காலமானார். வயது 76. கொழும்பில் அவர் பெயரால் குணசிங்கபுரம் என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே பஸ் நிலையமும் உண்டு. தலைவரியை எதிர்த்தவர், ஏழைக்கு ஓட்டு வாங்கிக் கொடுத்தவர் என்று சிங்களவர்கள் அவரை நினைக்கிறார்கள். அது உண்மைதான். மற்றதும் உண்மைதான்.

அவர் கண்ணை மூடிய பிறகு தலைமன்னாரில் இருந்து கப்பல்கள் கூட்டம் கூட்டமாக ஆட்களை ஏற்றி வந்து ராமேசுவரத்தில் இறக்கின. மண்டபம் முகாமில் பெயர் பதிந்தார்கள். சிலரை நீலகிரித் தேயிலைத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். சிலரை நூற்பாலைக்கு அனுப்பினார்கள். சிலர் கையில் கடன் சீட்டோடு ஊர் ஊராக அலைந்தார்கள்.

கொழும்பில் அவர்களுக்கு இந்தியாக்காரன் என்று பெயர். கோத்தகிரி பஸ் நிலையத்தில் வந்து இறங்கியபோது, சிலோன்காரன் வந்துவிட்டான், இனி நம் பிள்ளைகளுக்குத் தோட்டத்தில் வேலை கிடைக்காது என்றார்கள்.